பிளவை உண்டாக்கும் வேட்பாளர் எதிரணிக்கு எவ்வளவு உதவினார் என்று கணக்கிடுவது எப்படி?

ஒரு கட்சி எளிதில் வென்றிருக்க வேண்டிய இடத்தில் தோற்றுவிட்டால், வேட்பாளர்தான் காரணம் என்று மறுநாளே எல்லாரும் சொல்லிவிடுகிறார்கள். அது பல நேரங்களில் சரியாகவும் இருக்கிறது. ஆனால் அந்த வேட்பாளரால் எதிரணிக்கு எத்தனை சதவீதம் கூடுதலாகக் கிடைத்தது, அந்த வாக்குகள் அணி மாறி வந்தவையா அல்லது வீட்டிலேயே தங்கிவிட்டவர்களால் ஏற்பட்ட இடைவெளியா, வேறொருவரை நிறுத்தியிருந்தாலும் தோல்வி வந்திருக்குமா என்ற கேள்விகளுக்கு எண்களைக் கொண்டு விடை தேடுபவர்கள் குறைவு. அதைத் தேடும் முறையை இங்கே விளக்குகிறேன். எடுத்துக்காட்டுகள் அனைத்தும் அமெரிக்காவைச் சேர்ந்தவை. அங்கே அதிபர், ஆளுநர், செனட்டர் (நாடாளுமன்ற மேலவை உறுப்பினர்) எனப் பல பதவிகளுக்கு ஒரே நாளில், ஒரே வாக்குச்சீட்டில் வாக்களிப்பதால், ஒரே கட்சியின் இரண்டு வேட்பாளர்களை ஒரே வாக்காளர்கள் எப்படி வேறுபடுத்திப் பார்த்தார்கள் என்பதை அளக்க முடிகிறது. தேர்தல் ஆய்வு செய்பவருக்கு இதைவிட நல்ல வாய்ப்பு அமையாது.

முதலில் சொல்லைத் தெளிவாக்கிக்கொள்ள வேண்டும். பிளவை உண்டாக்கும் வேட்பாளர் என்றால் செல்வாக்கில்லாதவர் என்று பொருளல்ல. அவரை உயிராக நேசிப்பவர்களும் உண்டு, கடுமையாக வெறுப்பவர்களும் உண்டு, இடையில் நிற்பவர்கள்தான் மிகக் குறைவு. ஊழல் புகாரில் சிக்கியவர், அனுபவமில்லாதவர், பிரசாரத்தில் சோம்பேறியாக இருந்தவர் ஆகியோரும் தோற்கிறார்கள், ஆனால் அவர்கள் தோற்கும் விதம் வேறு. இந்த வேறுபாட்டை மறந்தால் கணக்கு முழுவதும் தவறிவிடும்.

முந்தைய தேர்தலோடு ஒப்பிடுங்கள்: அலபாமா, 2017

தொடங்குவதற்கு மிகப் பொருத்தமான தேர்தல், 2017 டிசம்பர் 12 அன்று அலபாமா மாநிலத்தில் நடந்த செனட் இடைத்தேர்தல். ஜெஃப் செஷன்ஸ் அமெரிக்காவின் அட்டர்னி ஜெனரலாகச் சென்றதால் அந்த இடம் காலியானது. குடியரசுக் கட்சியின் உட்கட்சித் தேர்தலில், செப்டம்பர் மாத இரண்டாம் சுற்றில் ராய் மூர், லூதர் ஸ்ட்ரேஞ்சைத் தோற்கடித்து வேட்பாளரானார். மூர் அந்த மாநிலத்தில் புதியவர் அல்லர். மாநில உச்ச நீதிமன்றத்தின் தலைமை நீதிபதியாக இருந்தபோது, பத்துக் கட்டளைகள் பொறித்த கற்சின்னத்தை நீதிமன்றக் கட்டடத்திலிருந்து அகற்ற மறுத்ததால் 2003இல் பதவி நீக்கம் செய்யப்பட்டவர். 2012இல் மக்கள் வாக்கால் அதே பதவிக்குத் திரும்பி, ஒருபாலினத் திருமணம் தொடர்பான உத்தரவுக்காக 2016இல் மீண்டும் இடைநீக்கம் செய்யப்பட்டவர். எதிரணியான ஜனநாயகக் கட்சியின் சார்பில் நின்ற டக் ஜோன்ஸ், 1963இல் பர்மிங்ஹாம் தேவாலயத்தில் குண்டு வைத்து நான்கு சிறுமிகளைக் கொன்ற, வெள்ளை இனவெறி அமைப்பான கூ கிளக்ஸ் கிளானின் உறுப்பினர்களில் இருவருக்குப் பல ஆண்டுகளுக்குப் பிறகு தண்டனை பெற்றுத் தந்த அரசு வழக்கறிஞர்.

ஜோன்ஸ் பெற்றவை 6,73,896 வாக்குகள், மூர் பெற்றவை 6,51,972. வித்தியாசம் 21,924. இந்த எண்களோடு நின்றுவிடாமல், ஓராண்டுக்கு முன் நடந்த அதிபர் தேர்தலின் எண்களை அருகில் எழுதிக்கொள்ளுங்கள். 2016இல் அதே மாநிலத்தில் டொனால்ட் டிரம்ப் 13,18,255 வாக்குகளும் ஹிலாரி கிளின்டன் 7,29,547 வாக்குகளும் பெற்றிருந்தனர். இப்போது ஒவ்வொரு கட்சியின் புதிய எண்ணையும் அதே கட்சியின் பழைய எண்ணால் வகுக்க வேண்டும். ஜோன்ஸ் பெற்றது கிளின்டனின் வாக்குகளில் ஏறத்தாழ 92 சதவீதம். மூர் பெற்றது டிரம்பின் வாக்குகளில் 49 சதவீதத்துக்குச் சற்று மேல்.

இடைத்தேர்தலில் வாக்குப்பதிவு குறைவது இயல்பு. டிசம்பர் மாதத்தில், அந்த ஓர் இடத்துக்காக மட்டும் நடந்த தேர்தலில், அதிபர் தேர்தலில் வந்தவர்கள் அனைவரும் வருவார்கள் என்று எதிர்பார்க்க முடியாது. ஆகவே வாக்குகள் குறைந்தன என்பதில் செய்தி இல்லை. இரு கட்சிகளுக்கும் ஒரே அளவில் குறைந்தனவா என்பதே பார்க்க வேண்டியது. ஒரு பக்கம் நூற்றுக்கு எட்டுப் பேர் குறைய, மறுபக்கம் பாதிப் பேர் காணாமல் போயிருக்கிறார்கள். அந்தச் சமமின்மைதான் நாம் தேடும் தடயம்.

இங்கே ஓர் எச்சரிக்கை அவசியம். இவை நிகர எண்கள். டிரம்புக்கு வாக்களித்த சிலர் ஜோன்ஸுக்கு மாறி, கிளின்டனுக்கு வாக்களித்த சிலர் வராமல் போயிருந்தாலும் கூட்டுத்தொகை இப்படியே இருக்கும். தனி மனிதர் எங்கே போனார் என்பதை மொத்த எண் காட்டாது. அதற்கு வாக்குச்சாவடி வாயிலில் எடுக்கப்படும் கருத்துக்கணிப்பையும் மாவட்ட வாரியான முடிவுகளையும் துணைக்கு எடுத்துக்கொள்ள வேண்டும். அன்றைய கணிப்பின்படி, வாக்களிக்க வந்த குடியரசுக் கட்சியினரில் பத்தில் ஒன்பது பேர் மூருக்கே வாக்களித்திருந்தனர். அதாவது, வந்தவர்கள் பெரும்பாலும் கட்சியைக் கைவிடவில்லை. வராதவர்கள்தான் முடிவை எழுதினார்கள். மாவட்டங்களைப் பார்த்தால் படம் இன்னும் விரிகிறது. ஹன்ட்ஸ்வில் நகரம் உள்ள மேடிசன், துறைமுக நகரான மொபீல், பல்கலைக்கழக நகரான டஸ்கலூசா ஆகிய மாவட்டங்கள் 2016இல் டிரம்பைத் தேர்ந்தெடுத்தவை. 2017இல் மூன்றும் ஜோன்ஸ் பக்கம் வந்தன. கறுப்பின வாக்காளர்களோ இடைத்தேர்தல் என்ற சலிப்பில்லாமல் திரண்டு வந்து, ஏறத்தாழ முழுமையாக ஜோன்ஸுக்கு வாக்களித்தனர். ஒரு பக்கத்தில் தயக்கம், மறுபக்கத்தில் எழுச்சி என்ற இவ்விரண்டையும் சேர்த்தே எடைபோட வேண்டும்.

மூன்றாவது வகை வாக்கையும் தவறவிடக் கூடாது. வாக்குச்சீட்டில் அச்சிடப்படாத ஒரு பெயரைக் கையால் எழுதிப் போடும் உரிமை அங்கே உண்டு. அப்படி விழுந்தவை 22,852 வாக்குகள். வெற்றி வித்தியாசத்தைவிட இது அதிகம். மூரின் கட்சியைச் சேர்ந்த மூத்த செனட்டர் ரிச்சர்ட் ஷெல்பியே, தாம் மூருக்கு வாக்களிக்கவில்லை என்றும் வேறொரு குடியரசுக் கட்சிக்காரரின் பெயரை எழுதியதாகவும் வெளிப்படையாகச் சொன்னார். எதிரணிக்குப் போடவும் மனமில்லை, சொந்த வேட்பாளருக்குப் போடவும் மனமில்லை என்ற நிலையில் இருப்பவருக்குக் கண்ணியமான ஒரு வெளியேறும் வழி கிடைத்தால் அவர் அதைப் பயன்படுத்துகிறார். நெவாடா மாநிலத்தில் 'இவர்களில் எவரும் இல்லை' என்ற தேர்வு 1970களிலிருந்தே வாக்குச்சீட்டில் இருக்கிறது. இந்தியாவில் 2013இல் வந்த நோட்டாவுக்கு அதை மூத்த சகோதரன் எனலாம். இத்தகைய வாக்குகள் வழக்கத்தைவிட உயர்ந்திருக்கின்றனவா என்று பாருங்கள். அதிருப்தியை அளக்க அது நேரடியான கருவி.

வேட்பாளரின் இயல்பையும் திடீர்ப் புகாரையும் பிரித்துப் பாருங்கள்

இந்த இடத்தில் கவனமுள்ள வாசகர் ஒரு கேள்வி எழுப்ப வேண்டும். 2017 நவம்பரில், மூர் தமது முப்பதுகளில் இருந்தபோது பதின்ம வயதுச் சிறுமிகளிடம் தவறாக நடந்துகொண்டார் என்ற குற்றச்சாட்டுகள் வெளிவந்தன. அவர் அவற்றை மறுத்தார். அப்படியானால் அவருடைய தோல்விக்கு அரசியல் நிலைப்பாடுகள் காரணமா, குற்றச்சாட்டுகள் காரணமா?

இதற்கு விடை ஐந்தாண்டு பின்னோக்கிப் போனால் கிடைக்கிறது. 2012இல் தலைமை நீதிபதி பதவிக்கு மூர் போட்டியிட்டபோது அந்தக் குற்றச்சாட்டுகள் எதுவும் பொதுவெளியில் இல்லை. அதே நாளில், அதே வாக்குச்சீட்டில், குடியரசுக் கட்சியின் அதிபர் வேட்பாளர் மிட் ராம்னி அலபாமாவில் 60 சதவீதத்துக்கு மேல் பெற்றார். மூருக்குக் கிடைத்தது 52 சதவீதத்துக்குச் சற்றுக் குறைவு. அவரை எதிர்த்தவரோ, ஜனநாயகக் கட்சி தன் முதல் வேட்பாளரை நீக்கியதால் ஆகஸ்ட் மாதத்தில்தான் களத்துக்கு வந்தவர். கட்சியின் வழக்கமான வலிமையில் எட்டு, ஒன்பது சதவீதப் புள்ளிகளை மூர் தம் இயல்பாலேயே இழந்துகொண்டிருந்தார் என்பதை இது காட்டுகிறது. 2016இல் கட்சி 28 புள்ளிகள் முன்னிலை பெற்ற மாநிலத்தில் அந்த இழப்பு மட்டும் அவரைத் தோற்கடித்திருக்காது. அதன் மேல் இடைத்தேர்தலின் குறைந்த வாக்குப்பதிவும் குற்றச்சாட்டுகளும் சேர்ந்தபோதுதான் தோல்வி வந்தது. ஒருவரை வேட்பாளராக்க நினைக்கும் கட்சி, அவர் முன்பு நின்ற தேர்தல்களில் சகக் கட்சியினரைவிட எத்தனை புள்ளி பின்தங்கினார் என்பதை முதலில் பார்க்க வேண்டும் என்பேன். 2012இன் அந்த எண் எல்லாருடைய கண்முன்னாலும்தான் இருந்தது.

அதே வாக்குச்சீட்டில் உள்ள சகக் கட்சியினரோடு ஒப்பிடுங்கள்

நான் அதிகம் நம்புவது இந்த ஒப்பீட்டைத்தான். ஒரே நாள், ஒரே வானிலை, ஒரே பொருளாதாரம், ஒரே வாக்காளர்கள். மாறுவது வேட்பாளர் மட்டும்.

2012இல் இண்டியானா மாநிலத்தில், 36 ஆண்டுகள் செனட்டராக இருந்த ரிச்சர்ட் லூகரை உட்கட்சித் தேர்தலில் ரிச்சர்ட் மர்டாக் வீழ்த்தினார். பொதுத்தேர்தலில் ராம்னி அம்மாநிலத்தில் 54 சதவீதம் பெற்றார். ஆளுநர் பதவிக்கு நின்ற மைக் பென்ஸ் வென்றார். மர்டாக் 44 சதவீதத்தோடு ஜனநாயகக் கட்சியின் ஜோ டொனலியிடம் தோற்றார். 2010இல் நெவாடாவில், செல்வாக்கு சரிந்திருந்த செனட் பெரும்பான்மைத் தலைவர், ஜனநாயகக் கட்சியின் ஹாரி ரீட், குடியரசுக் கட்சியின் ஷாரன் ஆங்கிளை 50க்கு 45 என்ற அளவில் வென்றார். அதே நாளில் ஆளுநர் பதவிக்கு நின்ற அவருடைய மகன் ரோரி ரீட், குடியரசுக் கட்சியின் பிரையன் சாண்டோவலிடம் 12 புள்ளிகளுக்கு நெருக்கமான வித்தியாசத்தில் தோற்றார். ஒரே கட்சி, ஒரே குடும்பப் பெயர், ஒரே வாக்காளர்கள். எதிரில் நின்றவர்கள் மட்டுமே வெவ்வேறு தன்மையினர். தந்தைக்குப் பதவியில் இருப்பவர் என்ற பலமும் இருந்தது என்பதைக் கழித்துப் பார்த்தாலும், ஆங்கிள் அவருக்குச் செய்த உதவி கண்ணுக்குத் தெரிகிறது.

இரண்டு கட்சிகளின் எண்களையும் ஒருசேர எழுதிப் பார்ப்பது இன்னும் நல்லது. ஜார்ஜியாவில் 2022 நவம்பரில் குடியரசுக் கட்சியின் ஆளுநர் பிரையன் கெம்ப் 21,11,572 வாக்குகள் பெற்று வென்றார். அவருடைய கட்சியின் செனட் வேட்பாளர் ஹெர்ஷல் வாக்கர் பெற்றவை 19,08,442. குறைந்தவை இரண்டு லட்சத்துக்கும் மேல். எதிர்ப்பக்கத்தில், ஆளுநர் பதவிக்கு நின்ற ஸ்டேசி ஏப்ரம்ஸைவிட செனட்டர் ரஃபேல் வார்னாக் ஏறத்தாழ 1,32,000 வாக்குகள் அதிகம் பெற்றார். வாக்கரை விட்டு விலகிய இரண்டு லட்சத்தையும் வார்னாக் பெறவில்லை. ஒரு பகுதி மூன்றாவது வேட்பாளருக்குப் போனது, ஒரு பகுதி அந்தக் கட்டத்தை வெறுமையாக விட்டது. வார்னாக் டிசம்பர் மாத இரண்டாம் சுற்றில் வென்றார். ஆனால் வாக்கரின் பலவீனத்தில் அனுபவமின்மைக்கும் தனிவாழ்க்கைப் புகார்களுக்கும் பெரிய பங்கு இருந்ததால், இதைத் தூய்மையான எடுத்துக்காட்டாக எடுத்துக்கொள்ளக் கூடாது.

ஒரே ஒரு சக வேட்பாளரோடு ஒப்பிட்டு முடிவுக்கு வருவது ஆபத்து என்பதற்கு மிஸ்ஸூரியைப் பாருங்கள். 2012இல் அங்கே ராம்னி 54 சதவீதம் பெற, செனட் வேட்பாளர் டாட் ஏகின் 39 சதவீதமே பெற்றார். பாலியல் வன்முறை குறித்து ஆகஸ்டில் அவர் சொன்ன வார்த்தைகளுக்காக ராம்னி உட்படக் கட்சித் தலைவர்களே விலகச் சொன்னார்கள், அவர் மறுத்தார். ஜனநாயகக் கட்சியின் கிளேர் மெக்காஸ்கில் ஏறத்தாழ 55 சதவீதத்தோடு வென்றார். பதினைந்து புள்ளி இடைவெளி முழுவதும் ஏகினால் வந்ததென்று சொல்லத் தோன்றும். ஆனால் அதே நாளில் ஜனநாயகக் கட்சியின் ஆளுநர் ஜே நிக்சனும் ஏறத்தாழ அதே 55 சதவீதத்தைப் பெற்றிருக்கிறார். அதிபரை ஒரு கட்சியிலும் மாநிலப் பதவிகளை மறு கட்சியிலும் தேர்ந்தெடுக்கும் வழக்கம் அன்றைய மிஸ்ஸூரியில் இருந்தது. எனவே குறைந்தது மூன்று, நான்கு பதவிகளின் முடிவுகளை எடுத்து அவற்றின் சராசரியோடு ஒப்பிடுங்கள்.

வழிமுறையை அடையாளம் காணுங்கள்

எத்தனை புள்ளி என்று தெரிந்த பிறகு, எப்படி நடந்தது என்பதைத் தேட வேண்டும். இதற்கு ஆண்ட்ரூ ஹால் என்ற அரசியல் அறிவியலாளரின் ஆய்வுகள் துணை செய்கின்றன. 1980 முதல் 2010 வரை அமெரிக்கப் பிரதிநிதிகள் சபைக்கு நடந்த உட்கட்சித் தேர்தல்களில், ஒரு தீவிர நிலைப்பாட்டினரும் ஒரு மிதவாதியும் நெருக்கமாக மோதியவற்றை மட்டும் அவர் எடுத்துக்கொண்டார். சில வாக்குகளில் தீர்மானமான போட்டிகள் என்பதால், தொகுதியின் தன்மை இரு வகையிலும் ஏறத்தாழ ஒன்றே. தீவிர நிலைப்பாட்டினர் வென்ற இடங்களில் கட்சி பொதுத்தேர்தலில் சராசரியாக 9 முதல் 13 சதவீதப் புள்ளிகளை இழந்தது என்று 2015இல் அவர் வெளியிட்டார். டேனியல் தாம்ப்சனோடு சேர்ந்து 2018இல் வெளியிட்ட அடுத்த ஆய்வு எனக்கு அதைவிட முக்கியமாகப் படுகிறது. தீவிர வேட்பாளர் தம் அடித்தளத்தை உசுப்பி வாக்குச்சாவடிக்குக் கொண்டு வருவார் என்று கட்சிக்காரர்கள் நம்புகிறார்கள். ஆய்வு காட்டியதோ, அவர் சொந்த அடித்தளத்தைவிட எதிரணியின் அடித்தளத்தையே அதிகம் எழுப்புகிறார் என்பது.

1991இல் லூசியானா ஆளுநர் தேர்தலில் இது கண்கூடாக நடந்தது. கூ கிளக்ஸ் கிளானின் முன்னாள் தலைவர் டேவிட் டியூக் முதல் சுற்றில் 32 சதவீதத்துக்கு நெருக்கமாகப் பெற்று இரண்டாம் சுற்றுக்கு வந்தார். எதிரில் ஊழல் புகார்களால் பெயர் கெட்டிருந்த முன்னாள் ஆளுநர் எட்வின் எட்வர்ட்ஸ். "திருடனுக்கே வாக்களியுங்கள், இது முக்கியம்" என்ற பொருள்பட கார்களில் ஒட்டுவில்லைகள் ஒட்டப்பட்டன. எட்வர்ட்ஸை விரும்பாதவர்களும் அவருக்கு வாக்களித்ததில் அவர் 61 சதவீதத்தோடு வென்றார். தன் தகுதியால் 50ஐத் தாண்ட முடியாதவரை எதிரி தாண்ட வைத்த தேர்தல் அது.

வேட்பாளரின் பாதிப்பு அவருடைய பதவியோடு நின்றதா, கீழே உள்ள மற்றப் பதவிகளுக்கும் பரவியதா என்பதும் பார்க்க வேண்டியது. 1964 அதிபர் தேர்தலில் குடியரசுக் கட்சியின் பேரி கோல்ட்வாட்டர் ஆறு மாநிலங்களை மட்டும் வென்று தோற்றபோது, பிரதிநிதிகள் சபையில் ஜனநாயகக் கட்சியின் பலம் 295 ஆக உயர்ந்தது. அடுத்த ஆண்டே மெடிகேர் மருத்துவக் காப்பீட்டுச் சட்டமும் வாக்குரிமைச் சட்டமும் நிறைவேறின. 1972இல் ஜனநாயகக் கட்சியின் அதிபர் வேட்பாளர் ஜார்ஜ் மெக்கவர்ன் அதைவிட மோசமாக, ஒரே ஒரு மாநிலத்தையும் தலைநகரையும் மட்டும் வென்றார். ஆனால் அவருடைய கட்சி செனட்டில் இரண்டு இடங்கள் கூடுதலாகப் பெற்றது. வாக்காளர்கள் அதிபரையும் செனட்டரையும் தனித்தனியாகப் பார்த்த காலம் அது. அந்தப் பழக்கம் பெரிதும் மறைந்துவிட்டது. 2016இல் செனட் தேர்தல் நடந்த ஒவ்வொரு மாநிலமும் அதிபருக்கு எந்தக் கட்சியைத் தேர்ந்ததோ அதே கட்சியைத்தான் செனட்டுக்கும் தேர்ந்தது. ஆகவே பழைய தேர்தல்களின் பதினைந்து புள்ளி இடைவெளிகளை இன்றைய தேர்தலில் எதிர்பார்க்காதீர்கள். இரண்டு, மூன்று புள்ளிகள் விலகினாலே இன்று முடிவு மாறிவிடுகிறது.

எதிரணியின் தீவிர வேட்பாளரை நாமே வளர்த்துவிடுவது பற்றி

இந்தக் கணக்கைக் கற்றவர்கள் அடுத்து ஒரு குறுக்குவழியைத் தேடுகிறார்கள். மிஸ்ஸூரியில் மெக்காஸ்கில், குடியரசுக் கட்சியின் உட்கட்சித் தேர்தல் நேரத்தில் ஏகின் "மிகத் தீவிரமான பழமைவாதி" என்று விளம்பரம் செய்தார். தாக்குவது போல் தோன்றினாலும், அக்கட்சித் தொண்டர்களின் காதில் அது பாராட்டாகவே விழும் என்று தெரிந்தே செய்ததாகப் பின்னர் அவரே எழுதினார். 2022இல் மிச்சிகனின் மூன்றாவது தொகுதியில், டிரம்ப் மீதான பதவி நீக்கத் தீர்மானத்தை ஆதரித்த பத்துக் குடியரசுக் கட்சியினரில் ஒருவரான பீட்டர் மைய்யர் தோற்கும் வகையில், அவருடைய உட்கட்சி எதிரியை முன்னிறுத்தும் விளம்பரத்துக்கு ஜனநாயகக் கட்சியின் தேர்தல் குழு நான்கு லட்சம் டாலருக்கு மேல் செலவிட்டது. இரண்டு இடங்களிலும் திட்டம் பலித்தது. ஆனாலும் இதை யாருக்கும் பரிந்துரைக்க மாட்டேன். கட்சியின் எதிர்ப்பையும் மீறி மனசாட்சிப்படி வாக்களித்த ஒருவரை, அந்த வாக்கைப் பாராட்டியவர்களே வீழ்த்தியது எனக்கு இன்றும் ஏற்க முடியாததாக இருக்கிறது.

அறத்தை ஒதுக்கிவைத்தாலும் கணக்கே எதிராக நிற்கிறது. 2015 ஏப்ரலில் ஹிலாரி கிளின்டனின் பிரசாரத்துக்காக எழுதப்பட்ட ஒரு குறிப்பு, டெட் குரூஸ், டொனால்ட் டிரம்ப், பென் கார்சன் ஆகியோரை ஊடகங்கள் பெரிதாக எடுத்துக்கொள்ளுமாறு செய்ய வேண்டும் என்று சொன்னது. அவர்களில் ஒருவர் அடுத்த ஆண்டு அதிபரானார். ஒன்பது முதல் பதின்மூன்று புள்ளி இழப்பு என்பது சராசரி. எதிரில் நிற்பவரும் கடுமையாக வெறுக்கப்படுபவராக இருந்தால் அந்தச் சராசரி பொருந்தாது. ஆகவே எந்தக் கணக்கைத் தொடங்கும் முன்பும் இரு வேட்பாளர்களின் மீதும் எத்தனை பேருக்கு வெறுப்பு இருந்தது என்பதைச் சேர்த்தே குறித்துக்கொள்ளுங்கள்.

அடுத்த தேர்தலில் சரிபாருங்கள்

கடைசியாகச் செய்ய வேண்டிய சோதனை, பொறுமையோடு காத்திருப்பது. அதே வெற்றியாளர், பிளவை உண்டாக்காத ஒருவரைச் சந்திக்கும்போது என்ன பெறுகிறார் என்று பாருங்கள். மெக்காஸ்கிலும் டொனலியும் 2018இல் வழக்கமான குடியரசுக் கட்சி வேட்பாளர்களிடம் தோற்றார்கள், இருவரும் 45 சதவீத அளவில் நின்றார்கள். அலபாமாவில் 2020இல் டக் ஜோன்ஸ், கல்லூரிக் கால்பந்துப் பயிற்சியாளர் டாமி டியூபர்வில்லைச் சந்தித்தார். டியூபர்வில் 60 சதவீதம் பெற்றார், ஜோன்ஸ் 40 சதவீதத்தைத் தொடவில்லை. அதே வாக்குச்சீட்டில் ஜோ பைடன் பெற்றது ஏறத்தாழ 37. பைடனைவிட ஜோன்ஸ் பெற்ற அந்த மூன்று புள்ளிகள் அவருடைய சொந்தச் செல்வாக்கு. 2017இல் அவர் பெற்ற 50க்கும் 2020இல் பெற்ற 40க்கும் இடையே உள்ள பத்துப் புள்ளிகளை, ராய் மூர், இடைத்தேர்தலின் குறைந்த வாக்குப்பதிவு ஆகிய இரண்டுக்கும் பங்கிட வேண்டும். மூர் 2012இல் ராம்னியைவிட இழந்த எட்டு, ஒன்பது புள்ளிகளை அதனருகில் வைத்தால், பங்கின் பெரும்பகுதி யாருடையது என்பது தெரிந்துவிடும்.